நாற்பத்தொன்றாம் உறை

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
விடிகாலை மூன்றேகாலுக்கு ஒரு வால்வு விட்டுவிட்டது.
அம்மோனியா முதலில் கண்ணைத்தான் பிடிக்கும்.
வெளியே வந்த தேசிங்கு திரும்ப உள்ளே போனான்,
இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று.
யாரும் இல்லை.

நான் வார்டுக்கு வந்தபோது உட்கார்ந்திருந்தான்.
படுத்தால் மூழ்கிவிடுவான்,
கட்டிலில், மூன்றாவது மாடியில்,
கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் இந்தப் பக்கம்.

என் வேலை மருந்து கொடுப்பதல்ல.
ஒட்டிய உறைகள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.
சிலவற்றில் ‘வழக்கம்போல்’ என்று இருக்கும்,
சிலவற்றில் ‘குறைந்த நீர்’.
எது எதில் என்று எனக்கும் தெரியாது,
டாக்டர் ஷஹீதாவுக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதினொரு பக்கச் சம்மதப் படிவம்.
‘நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் பழுதுபட்டு
ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து...’
நான் வாசிக்க வாசிக்க
அமுலு என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான்காம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“எறா மாரியா?”
“என்னம்மா?”
“ஐஸ் தண்ணில ராத்திரி ஊறப்போட்டா
கிலோவுக்கு நூறு கிராம் ஏறிக்கும்.
பாக்க பளபளன்னு இருக்கும், கைல எடுத்தா கொழகொழ.
வெயிட்டு இருக்கும், சதை இருக்காது.
அந்த மாரி ஆயிட்சா அவரு நெஞ்சு?”

எளிய தமிழில் இல்லையென்று
எத்திக்ஸ் கமிட்டி மூன்று முறை திருப்பியனுப்பிய படிவம் அது.
“ஆமாம்” என்றேன்.
கையெழுத்துப் போட்டாள்.
மு-வும் லு-வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

உறையைக் கிழித்தேன்.
குறைந்த நீர்.

ஷஹீதா விலா இடுக்கில் ஸ்கேன் கருவியை வைத்தார்.
கறுப்புத் திரையில் மேலிருந்து கீழே
வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.
வால்நட்சத்திரம் என்பார் அவர். ஈர நெஞ்சில்தான் இத்தனை விழும்.
இடது மேலே மூன்று. இடது கீழே ஆறு.
வலது கீழே எண்ணிக்கை இல்லை,
ஒன்றோடொன்று கலந்து வெறும் வெளுப்பு.
என் படிவத்தில் அதற்கு ஒரு குறியீடு உண்டு: 3.

“தண்ணி” என்றான் தேசிங்கு, மாஸ்க்குக்குள்.
மறுநாளும் அதே சொல்.
வாய் வெடித்திருந்தது. உள்ளே ததும்பிக்கொண்டிருந்தது.
வந்தது எழுநூற்றெண்பது மில்லி,
போனது இரண்டாயிரத்து நூறு.
ஜன்னலுக்குக் கீழே லாரி வந்து நிற்க,
குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம்
மூன்று மாடி ஏறி வந்தது. அவன் அந்தப் பக்கமே பார்த்தான்.

உதட்டை நனைக்க ஈரப்பஞ்சு அனுமதி உண்டு.
இரண்டாம் இரவு அமுலு அதைப் பிழிந்தாள்.
ஒரு சொட்டு. இன்னொன்று.
பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் பேனாவைத் தேடினேன், சட்டைப் பையிலேயே இருந்த பேனாவை.

ஐந்தாம் நாள் வலது கீழே நான்கு கோடுகள்.
எண்ண முடிந்தது என்பதே செய்தி.
ஷஹீதா ஒன்றும் சொல்லவில்லை.
முப்பத்தெட்டாம் உறையும் குறைந்த நீர்தான்.
மணலிப் பெண், பத்தொன்பது வயது.
அவள் அம்மாவுக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.
செய்ய வேண்டிய அவசியமில்லை,
அவளுடைய கட்டம் ஏழாம் நாளே நிரம்பிவிட்டது.

இருபத்தெட்டாம் நாள் அமுலுவின் எண்ணை அழைத்தேன்.
ஏலக் கூச்சல், காகங்கள்.
“இருக்காராம்மா?”
“இருக்காம எங்க போவாரு?
மாடி ஏறுனா இளைக்குது. சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறாரு.
பச்சத்தண்ணி தாம்மா! எயுதிக்கோ.”

உயிரோடு: 1.
இறந்தவர்: 0.
வேறு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், ‘பச்சைத் தண்ணீர்’ என்று.
பஞ்சுச் சொட்டு இரண்டையும்
இன்னும் எங்கேயும் எழுதவில்லை.